சொந்தக்காரர் இல்லாத ஏரி

ஏரியின் பெயரை நான் சொல்லப் போவதில்லை. சொன்னால் நீங்களும் உங்கள் சித்தப்பா குடும்பமும் குளிர்பெட்டியோடு வந்து இறங்கிவிடுவீர்கள். மெக்லென்பூர்க் பக்கம் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். அங்கே ஏரிகள் ஆயிரத்துக்கு மேல் இருக்கின்றன, தேடிக் களைத்துப் போங்கள்.

என் பெயர் பிரபாலினி. எசன் நகரத்தில் ஒரு முதியோர் இல்லத்தின் குசினியில் வேலை. நாங்கள் நான்கு பேர் சேர்ந்து நாளுக்கு நூற்றுப்பத்துப் பேருக்குச் சமைக்கிறோம். அது என் தொழில், அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. குறையெல்லாம் லீவில்தான். ஜெர்மனிக்கு வந்து இருபத்திரண்டு வருடங்களாகிவிட்டன. இத்தனை வருடத்தில் ஒரு லீவுக்குக்கூடச் சொந்தக்காரர் வீட்டைத் தவிர வேறெங்கும் நான் படுத்து எழும்பியதில்லை. பாரிஸ் என்றால் என் கணவரின் சித்தி வீடு. லண்டன் என்றால் என் அண்ணன் வீடு. ஈபிள் கோபுரத்தைக் காரில் போகும்போது பார்த்தேன், மடியில் இடியப்பத் தட்டுகளோடு.

எந்த வீட்டுக்குப் போனாலும் செருப்பைக் கழற்றிப் பத்து நிமிடமாகாது, யாராவது என் கையில் ஒரு கத்தியைத் தந்துவிடுவார்கள். "பிரபாவின்ரை தொழிலே இதுதானே, அவவுக்கு இது என்ன கஷ்டம்" என்பார்கள். போன வருடம் ஹனோவரில் என் கணவரின் அக்கா சுந்தரேஸ்வரி வீட்டில் மூன்று நாள் நின்றோம். மூன்று நாளில் முந்நூறு ரோல்ஸ் பொரித்தேன். திரும்பி வந்து திங்கட்கிழமை வேலைக்குப் போனபோது, "நன்றாக ஓய்வெடுத்தீர்களா?" என்று எங்கள் குசினிப் பொறுப்பாளர் கேட்டார். வெங்காயச் சாக்கைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டேன். வெங்காயத்தால்தான் என்று அவர் நினைத்தார். நான் அதுவரை ஒன்றைக்கூட வெட்டியிருக்கவில்லை.

அன்றைக்கே முடிவெடுத்தேன். அடுத்த ஆவணியில் வரும் பதினான்கு நாள் லீவில் நான் அகப்பையைத் தொடமாட்டேன். எனக்கு வேண்டியது அவ்வளவுதான். வேறு நகை நட்டு ஒன்றும் கேட்கவில்லை.

அந்த மாரிக் குளிரில் என் கணவர் அரியரத்தினம் ஒரு பழைய வோன்மொபில் வாங்கினார். படுக்கை, மேசை, சின்ன அடுப்பு எல்லாம் உள்ளேயே இருக்கும் வண்டி. அவர் டிராம் திருத்தும் பட்டறையில் வேலை செய்பவர், கை சும்மா இராது. சனி ஞாயிறெல்லாம் அதற்குள்ளேயே கிடந்து திருத்தினார். எனக்குச் சந்தோசம் தாங்கவில்லை. அவர் வாய் திறக்கும் வரைக்கும்.

"இனி ஒருத்தருக்கும் கரைச்சல் இல்லை, பிரபா. ஆரின்ரையும் வீட்டு வாசலிலை வண்டியை விட்டிட்டு உள்ளுக்கையே படுக்கலாம்."

சொந்தக்காரர் வீட்டு வாசலில் நிறுத்துவதற்காக ஒரு வீட்டையே சில்லில் ஏற்றிய மனிதர் உலகத்தில் இவர் ஒருவராகத்தான் இருக்கும்.

"இல்லை," என்றேன். "நாங்கள் ஏரிக்குப் போறம். ரெண்டு பேரும். இடம் நான்தான் பாப்பன்."

"ஓம், பாருமன்," என்றார், கையைத் துடைத்துக்கொண்டே.

இங்கேதான் சிக்கல். எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் இருக்கிறது. ஒரு சொந்தக்காரர் இருக்கும் ஊருக்குப் பக்கத்தால் போய்விட்டு அவர் வீட்டுக்குள் போகாமல் வந்தால் அது பெரிய குற்றம். பத்து வருடத்துக்குப் பிறகும் ஏதாவது கலியாண வீட்டில் வைத்துக் கேட்பார்கள். ஆகவே நல்ல ஏரி என்றால் தண்ணீர் தெளிவாக இருந்தால் மட்டும் போதாது. சுற்றிவரச் சொந்தக்காரர் இருக்கக்கூடாது.

என் கணவருக்கு எவ்வளவு தூரம் 'பக்கம்' என்று எனக்குத் தெரியும். ஒரு மணித்தியால ஓட்டமென்றால் "உதிலைதானே" என்பார். நூறு கிலோமீற்றரைத் தாண்டினால்தான் "பிறகு பாப்பம்" என்று வரும். ஜெர்மனி வரைபடத்தை மேசையில் விரித்து, ஒரு கவராயத்தால் ஒவ்வொரு சொந்தக்காரரையும் நடுவில் வைத்து நூறு கிலோமீற்றருக்கு வட்டம் போட்டேன். ஹனோவர், பிறேமன், ஹம்பேர்க், பேர்லின், பிராங்போர்ட், ஸ்ருட்கார்ட், மியூனிக். கிழக்கே டிரெஸ்டனில் ஒருவரும் இல்லையென்று மகிழ்ந்தேன். பிறகு என் மாமியின் பேத்தி அங்கே படிக்கப் போனது நினைவு வந்தது. அதற்கும் ஒரு வட்டம் போட்டேன். கடைசியில் வட்டத்துக்கு வெளியே மிஞ்சியது இரண்டு மூன்று துண்டுகள்தான். அதில் தண்ணீர் நிறைந்த துண்டு மெக்லென்பூர்க்.

பிறகு மூன்று கிழமை பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் கைபேசியில் விடுமுறை முகாம் இடங்களையே பார்த்தேன். முதலாவதில் நானூறு இடம், பிள்ளைகளுக்கு டிஸ்கோ, பன்னிரண்டு அடுப்போடு பொதுக் குசினி. அடுப்பைக் கண்டால் என் கணவருக்கு உடனே பத்துப் பேரைக் கூப்பிட வேண்டும்போல இருக்கும், வேண்டாம். இரண்டாவது அழகான இடம், ஆனால் கூடாரங்கள் தண்ணீர்க் கரையில், வோன்மொபில்கள் தெருவோரத்தில். மூன்றாவதில் வண்டிகளைத் தார்த்தரையில் வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். அந்த வரிசையை எசனில் எந்தக் கடை வாசலிலும் பார்க்கலாம்.

நான்காவது சின்ன இடம். பைன் மரங்களுக்குக் கீழே நாற்பது இடம்தான், கூடாரமும் வண்டியும் கலந்து. தண்ணீருக்குப் பத்து அடி. இடம் நல்லதா என்று பார்க்க, திட்டி எழுதியவர்களைத்தான் நான் முதலில் வாசிப்பேன். ஒருவர் கோபத்தோடு எழுதியிருந்தார்: 'பொதுக் குசினி கிடையாது. நெருப்பு மூட்டவும் விடமாட்டார்கள். காலையில் பாண், மத்தியானம் புகைபோட்ட மீன், அதைவிட்டால் ஒன்றுமில்லை. கைபேசி வேலை செய்யவேண்டுமென்றால் காட்டைத் தாண்டி நடக்கவேண்டும்.' இரண்டு முறை வாசித்தேன். எனக்கென்றே எழுதி வைத்ததுபோல இருந்தது. அன்றைக்கே இடத்தைப் பதிந்தேன். அதோடு விடவில்லை. வண்டியின் அடுப்புக்குப் பூட்டியிருந்த காஸ் சிலிண்டரைக் கழற்றி நிலவறையில் கொண்டுபோய் வைத்தேன். தேநீருக்குக் கரண்ட் கேத்தில் இருக்கிறது.

எல்லாம் சரியாக நடந்துகொண்டிருந்தது. ஆனி மாதத்தில் ஒரு சனிக்கிழமை, என் கணவர் புதிதாகப் பெயின்ற் அடித்த வண்டியைப் படமெடுத்துக் குடும்பத்து வட்ஸ்அப் குழுவில் போட்டார். கீழே எழுதினார்: 'ஆவணியிலை ஏரிக்குப் போறம். எல்லாரும் வாங்கோ.'

எங்கே போவதாகச் சொன்னாலும் 'வாங்கோ' என்று ஒரு சொல் சேர்க்காவிட்டால் இவர்களுக்கு நாக்குச் சரியாக மடங்காது. கேட்பவரும் 'பாப்பம்' என்பார், அதோடு முடிந்துவிடும். ஆனால் இந்த முறை முடியவில்லை. கால் மணித்தியாலத்தில் ஹனோவரிலிருந்து சுந்தரேஸ்வரி மச்சாளின் கணவர் நாகமுத்து அண்ணை பதில் போட்டார்: 'நல்லது தம்பி. நாங்கள் ஒன்பது பேர், கூடாரம் கொண்டு வாறம். பிரபா வாறா தானே, சாப்பாட்டுக்குக் கவலை இல்லை.'

நான் அதை வாசித்துவிட்டு வண்டிக்குப் போனேன். என் கணவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"இது என்ன?"

அவர் வாசித்தார். முகம் சுருங்கிப்போயிற்று. "நான் சும்மா ஒரு பேச்சுக்குத்தான் போட்டனான், பிரபா."

"சும்மா போட்ட பேச்சுக்கு ஒன்பது பேர் வருகினம். வரவேண்டாம் எண்டு சொல்லுங்கோ."

"வாங்கோ எண்டு சொல்லிப்போட்டு வராதேங்கோ எண்டு எப்பிடிச் சொல்லுறது? அக்காவுக்கு என்னாலை ஏலாது." சிறிது யோசித்தார். "இடம் முடிஞ்சுது எண்டு சொல்லுவமே? அதிலை பிழையில்லை."

"இந்த வருசம் பொய் சொன்னால் வாற வருசமும் சொல்லவேணும். அதுக்குப் பிறகு அவை முதலே பதிஞ்சு வைப்பினம். நான் உண்மையைச் சொல்லப் போறன்."

"என்ன உண்மை?"

"எனக்குச் சமைக்க விருப்பமில்லை எண்டதுதான்."

அவர் துணியைக் கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தார். இருபத்திரண்டு வருடத்தில் நான் அதை அவரிடம்கூட வாய்விட்டுச் சொன்னதில்லை. அது என் பிழைதான். ஆனால் அவர் கேட்டதுமில்லை.

"நான் அக்காவுக்குப் போன் எடுத்துத் தரட்டோ?" என்றார் கடைசியில், மெதுவாக.

"வேண்டாம். நானே கதைக்கிறன்."

வண்டிக்குள் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டு மச்சாளுக்குப் போன் எடுத்தேன். சுந்தரேஸ்வரி மச்சாள் சாதாரண ஆள் இல்லை. அறுபது வயது. தம்பியை ஜெர்மனிக்குக் கூப்பிட்டு எடுத்ததே அவதான். குடும்பத்தில் யாரும் அவவுக்கு இல்லையென்று சொன்னதாக நான் கேள்விப்படவில்லை. போனில் எண்ணெய் கொதிக்கும் சத்தம் கேட்டது.

"சொல்லும் பிரபா."

"மச்சாள், ஆவணியிலை நீங்கள் ஏரிக்கு வரவேண்டாம்."

எண்ணெய் மட்டும் பொரிந்தது. நிறுத்தினால் திரும்பத் தொடங்க முடியாது என்று தெரிந்து கடகடவென்று சொல்லி முடித்தேன். "உங்கள் மேலை கோவமில்லை. ஒன்பது பேர் வந்தால் நான் சமைப்பன், என்னாலை சும்மா இருக்க ஏலாது, எனக்கு என்னைத் தெரியும். வருசம் முழுக்கச் சமைக்கிறன் மச்சாள். லீவிலையும் சமைக்கிறன். உங்கட வீட்டிலை மூண்டு நாள் நிண்டிட்டு வந்து நான் அழுதனான். எனக்குப் பதினாலு நாள் வேணும். இடமில்லை எண்டு பொய் சொல்லியிருக்கலாம். சொல்ல விருப்பமில்லை."

அங்கே அடுப்பை நிற்பாட்டும் சத்தம் கேட்டது. இனி வாங்கிக் கட்டவேண்டியதுதான் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். என்ன சொன்னாலும் சொன்னதை மாற்றுவதில்லை.

"நீர் மூண்டு நாள் சமைச்சிட்டுப் போயிடுவீர்," என்றா மச்சாள். "மிச்ச நாளெல்லாம் ஆர் சமைக்கிறது எண்டு நினைச்சீர்?"

நான் படுக்கையின் விளிம்பில் உட்கார்ந்தேன்.

"நீர் வாறீர் எண்டால் நான் நாளை எண்ணிக்கொண்டு இருப்பன், பிரபா. அந்த மூண்டு நாள்தான் நான் கதிரையிலை இருக்கிறது. பேசாமல் சமையலை உம்மட்டைத் தள்ளிவிட்டிட்டன். அது எனக்குத் தெரியும்."

அவ அதைச் சொன்ன குரலில் வழக்கமான அதிகாரம் இல்லை. இத்தனை வருடம் அவ வீட்டுக் குசினியில் நான் நின்ற நேரமெல்லாம் அவவை மனதுக்குள் திட்டியிருக்கிறேன். நான் வருவதற்கு முதல் நாளும் போனதற்கு அடுத்த நாளும் அதே அடுப்பின் முன்னால் யார் நின்றது என்று ஒரு நாளும் நினைக்கவில்லை. வெட்கமாக இருந்தது.

"அந்த இடத்திலை," என்று தயங்கினா, "கூடாரம் போடலாமோ?"

"போடலாம். எத்தினை பேருக்கு?"

"எனக்குத்தான்."

"மற்றவை?"

"அவருக்குக் கை இருக்கு. பெடியளுக்கும் கை இருக்கு. நான் வந்தாலும் ஒண்டும் சமைக்கமாட்டன், முதலே சொல்லிப்போட்டன்."

ஓம் வாங்கோ மச்சாள், எங்கள் வண்டிக்குள்ளேயே படுக்கலாம் என்று வாய் நுனி வரைக்கும் வந்தது. விழுங்கினேன். அப்படிச் சொன்னால் அவ விருந்தாளி, நான் வீட்டுக்காரி. இரண்டாம் நாள் நான் அவவுக்குத் தேநீர் ஊற்றிக்கொண்டு நிற்பேன், மூன்றாம் நாள் அவ எனக்கு வெங்காயம் உரிப்பா.

"மச்சாள், எங்களோடை இல்லை. தனி இடம். உங்கட பேரிலை நீங்களே எடுங்கோ."

"எனக்கு அந்த இணையத்திலை எழுதுறது எல்லாம் தெரியாது. எல்லாம் அவர்தான் செய்யிறவர்."

"நான் போனிலை நிக்கிறன். ஐபாட்டை எடுங்கோ."

பக்கத்தைத் தேடிப் பிடிக்கவே நேரமெடுத்தது. பின்னால் நாகமுத்து அண்ணை என்னவோ கேட்பது கேட்டது. "அடுப்பிலை இருக்கு, நீங்கள் பாருங்கோ," என்று மச்சாள் சொன்னா. பெயரை ஒவ்வோர் எழுத்தாகத் தட்டினா. முகவரி போட்டா. எங்கள் கரையிலேயே நான்கு இடம் தள்ளி ஒரு சின்னக் கூடாரத்துக்கு இடம் இருந்தது. அதைத் தொடச் சொன்னேன், தொட்டா. பிறகு தட்டும் சத்தம் நின்றுவிட்டது.

"என்ன மச்சாள், நிண்டு போச்சோ?"

"இல்லை. எத்தினை பேர் எண்டு கேக்குது."

"ஒண்டு எண்டு போடுங்கோ."

"ஒண்டு எண்டு விடுமோ?"

"விடும், மச்சாள்."

அவ மூக்கை உறிஞ்சுவது எனக்குக் கேட்டது.

"போட்டிட்டன்," என்றா.