ரவூபின் தோளில் விழுந்த துவாய்

உலக நீச்சல் வரலாற்றை யாராவது நேர்மையாக எழுத உட்கார்ந்தால், மாத்தளைக்கு ஒரு முழு அத்தியாயம் ஒதுக்காமல் எழுந்திருக்க முடியாது. அந்தக் காலத்தில் எங்கள் ஊரில் நீச்சல் தடாகம் இருக்கவில்லை என்பதை அடிக்குறிப்பில் போட்டால் போதும்.

தடாகம் இல்லாவிட்டாலும் நீச்சல் சங்கம் இருந்தது. தலைவர் ஸெய்னுலாப்தீன் ஹாஜியார், பலசரக்கு வியாபாரி, நீந்தத் தெரியாது. செயலாளர் வின்சன்ட், அரசாங்கக் கச்சேரியில் கிளார்க். தண்ணீரைக் கண்டாலே தும்மலும் தடிமனும் பிடிக்கும். சங்கத்தின் பெருமை முழுவதையும் சுமந்தவர் சம்பியன் ரவூப்.

போட்டி வருடத்துக்கு ஒருமுறை, மழை விட்ட கையோடு, சுது கங்கையில் நடக்கும். பாலத்தடியில் குதித்து வெள்ளத்தோடு கீழே வரவேண்டும். வெள்ளத்தை எதிர்த்து நீந்தும்படி யாரும் யாரையும் கேட்டதில்லை. அது ஆற்றுக்கும் மரியாதையில்லை. கீழே ஒரு பாறையில் ஹாஜியார் குடையும், தலை துவட்டத் துவாயுமாக நிற்பார். யார் தோளில் துவாய் விழுகிறதோ அவர்தான் சம்பியன். பிறகு எல்லாரும் கரை வழியே நடந்து வந்து சாப்பிடுவார்கள்.

தொடர்ந்து ஐந்து வருடம் துவாய் ரவூபின் தோளில்தான் விழுந்தது. ஹாஜியாரின் கைக்கடிகாரத்தை நம்பினால், ரவூபின் வேகம் ஆசியாவிலேயே யாருக்கும் இல்லை. வின்சன்ட் அதை ஆங்கிலத்தில் டைப் செய்து அனுப்ப, கொழும்பிலிருந்து அகில இலங்கைப் போட்டிக்கு அழைப்பு வந்தது. வெல்பவருக்கு இலங்கை அணியில் இடம்.

ரவூபுக்கு அந்த இடம்தான் வேண்டியிருந்தது. இலங்கை அணியின் பிளேஸரைப் போட்டுக்கொண்டு மாத்தளை ஸ்டேஷனில் ஒருமுறை இறங்கிவிட வேண்டும். அதற்காக மூன்று மாதம் இனிப்பு வட்டிலப்பத்தைக்கூடத் தொடாமல் இருந்தார்.

கொழும்புத் தடாகத்தில் விசில் ஊதியதும் ரவூப் பாய்ந்தார். தண்ணீர் அவரைத் தள்ளவில்லை, சும்மா இருந்தது. பாதி வழியில் மற்றவர்கள் எல்லாரும் எதிரே வருவதைக் கண்டார். கொழும்புப் பிள்ளைகளுக்கு வழி தவறிவிட்டதே என்று பாவமாக இருந்தது. ஒருவாறு எதிர்க்கரையைத் தொட்டு நிமிர்ந்தால், அங்கே ஒரு போட்டியாளரும் இல்லை. ஹாஜியார் மட்டும் துவாயோடு நின்றார்.

"இன்னும் ஒருத்தரும் வரல்ல, மகன்," என்று போர்த்திவிட்டு, வெற்றிச் செய்தியை ஊருக்குத் தந்தி அடிக்கத் தபால் கந்தோருக்கு நடந்தார்.

வின்சன்ட் மூச்சு வாங்க ஓடி வந்தார். "ரவூப், திரும்பிப் போகணும்."

"ஊருக்கா?"

"அந்தக் கரைக்கு. போய்த் திரும்பினாத்தான் போட்டி முடியும்."

ரவூப் அந்தக் கரையைப் பார்த்தார். அங்கே வென்றவர் ஏற்கெனவே தலை துவட்டி முடித்திருந்தார்.

மூவரும் ரயிலில் ஊர் திரும்பினார்கள். மாத்தளை ஸ்டேஷனில் ரபான் மேளமும் பட்டாசும் காத்திருந்தன. தந்தியைத் திருப்பி எடுக்க ஏலாது, மாலையைப் போட்டுக்கொண்டு சும்மா நில்லுங்கள் என்று ஹாஜியார் காதோடு சொன்னார். ரவூப் நின்று பார்த்தார், முடியவில்லை. மேடையில் ஏறியதும் மைக்கைப் பிடித்து உண்மையைச் சொல்லிவிட்டார்.

"நான் பாதியிலயே ஏறிட்டேன்."

 பின்வரிசையிலிருந்து ஒருவர் பக்கத்து ஆளுக்கு விளக்கினார்: "மத்தவனுங்க பாதி போறதுக்குள்ள இவரு முடிச்சிட்டு ஏறிட்டாராம்."

கைதட்டல் நிற்க வெகுநேரம் பிடித்தது. அடுத்துப் பேசிய நகரசபைப் பிரமுகர், ரவூபின் அடக்கத்தைப் பற்றியே அரை மணி நேரம் பேசினார். இலங்கை அணிக்கு இனி வேறு ஆள் தேடத் தேவையில்லை என்றும் அறிவித்தார். வின்சன்ட்டும் கைதட்டினார்.

மறுநாள் பத்திரிகையில் இலங்கை அணியின் விபரம் வந்தது. கூடவே போட்டி முடிவும் வந்தது: 'மாத்தளை ரவூப், நீந்தி முடிக்கவில்லை.' ஹாஜியார் விடியற்காலையிலேயே ஆள் அனுப்பி, ஊருக்கு வந்த பத்திரிகைகள் முழுவதையும் வாங்கிக் கடைக்குள் அடுக்கிவிட்டார். மாத்தளையில் அன்று யாரும் பத்திரிகை படிக்கவில்லை.

அந்தக் கிழமை ஏழு நாளும் ஹாஜியாரின் கடையில் கொத்தமல்லி அந்தப் பத்திரிகையில்தான் சுற்றிக் கொடுக்கப்பட்டது.