வெயிலில் புல்லரித்த கை

டாஸ் போடுவதற்கு முன்பே ஆஷ்லி தன் கணவனிடம் ஒரு நிபந்தனை போட்டுவிட்டாள்.

"இன்னைக்கு நீங்க கேலரியில உக்காந்துட்டு ஒரு சைகையும் காட்டக் கூடாதுங்க. போதும்னு கையை ஆட்டுறது, வந்துருன்னு கண்ணைக் காட்டுறது, எதுவும் கூடாது."

"ஏன் அம்மணி, தண்ணி குடின்னுகூடச் சொல்லக் கூடாதா?"

"கூடாது."

"தும்மல் வந்தா?"

"அடக்கிக்குங்க."

டேவிட்சன் சிரித்தபடியே ஐஸ் பெட்டியைக் காரிலிருந்து இறக்கினான். சிங்காநல்லூரில் மோட்டார் காயில் கட்டும் பட்டறை வைத்திருப்பவன். மனைவி ஆடும் நாளென்றால் பட்டறைக்குப் பூட்டுதான்.

ஆஷ்லி சிரிக்கவில்லை. போன அக்டோபரில் டெங்கு வந்து இரண்டு வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்தவள் அவள். உடம்பு தேறி மறுபடி ராக்கெட்டைப் பிடிக்கவே மார்ச் ஆகிவிட்டது. அதற்குப் பிறகு மூன்று போட்டிகள். மூன்றிலும் வெயில் தாங்காமல் பாதியில் நின்றாள். இப்படி நடுவில் விலகுகிறவர்களின் பெயருக்குப் பக்கத்தில் டென்னிஸில் 'ரிட்டயர்டு' என்று எழுதிவிடுவார்கள்.

"இருபத்தெட்டு வயசுல மூணு தடவை ரிட்டயர்டு ஆனவ நான் ஒருத்திதான். பென்ஷனாவது குடுத்தாங்கன்னா பரவால்ல" என்று வீட்டில் தமாஷாகச் சொல்வாள். ஆனால் நேற்று ராத்திரி சொன்னது தமாஷ் இல்லை. "நாளைக்கும் நானா நிறுத்தினா அதோட சரிங்க. ராக்கெட்டைப் பரண்ல போட்டுர்றேன். தோத்தாலும் பரவாயில்ல, கடைசிப் பாயிண்ட் வரைக்கும் நிக்கணும்."

டேவிட்சன் எழுந்து போய் நாலு துண்டுகளை நனைத்து ஃப்ரீசரில் வைத்துவிட்டு வந்தான்.

ஆர்.எஸ்.புரத்துக்குப் பக்கத்தில் ஒரு கிளப். பெண்கள் கால் இறுதி. மே மாதத்து ஒரு மணி வெயிலில் மூன்றாம் நம்பர் கோர்ட்டின் நீலத் தரை தோசைக்கல்லாகக் காய்ந்து கிடந்தது. ஷூ அடிப்பாகம் இளகி ஒட்டுவதுபோல் இருந்தது. பார்வையாளர்கள் பத்துப் பன்னிரண்டு பேர் தகரக் கூரைக்கு அடியில் ஒடுங்கி உட்கார்ந்திருந்தார்கள்.

எதிராளி பிரீத்திகாவுக்குப் பத்தொன்பது வயது. அந்தியூர்ப் பெண். காலை பஸ்ஸில் தனியாக வந்திருந்தாள். பந்தை அடித்த கையோடு அடுத்த சர்வுக்கு ஓடுகிற ரகம். எதிரே நிற்பவர்களை மூச்சு வாங்க விடமாட்டாள் என்று பெயர்.

ஆனால் இன்று அவள் ஓடவில்லை. ஒவ்வொரு பாயிண்டுக்கும் நடுவில் துண்டை எடுக்கப் போனாள். ஷூ கயிற்றை அவிழ்த்துக் கட்டினாள். பந்தைப் பத்துத் தடவை தரையில் தட்டினாள். அம்பயர் விமலாராணி ஒரு முறை நேரத்துக்காக எச்சரிக்கையே கொடுத்துவிட்டார்.

ஆஷ்லிக்கு அது வசதியாகத்தான் இருந்தது. பாயிண்ட் முடிந்ததும் பின்பக்கத்துப் பச்சைத் துணித் தடுப்பை ஒட்டி விழுந்த ஒரு முழ நிழலில் போய் நின்றாள். தலையை மட்டுமாவது அதில் வைத்துக்கொண்டு மூச்சை இழுத்தாள். முதல் செட் ஆறு-நாலு, அவளுக்கு.

இரண்டாவது செட்டில் வலது கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. கண்ணுக்குள் கறுப்புப் புள்ளிகள் மிதந்தன. டெங்குவுக்குப் பிறகு வந்து தங்கிவிட்ட முழங்கால் வலி ஒவ்வொரு குனிவிலும் 'நான் இருக்கிறேன்' என்றது. இதுதான் அந்த இடம். மூன்று முறையும் இந்த இடத்தில்தான் அவள் கையைத் தூக்கியிருக்கிறாள்.

நெட்டுக்கு அந்தப் பக்கமிருந்து பிரீத்திகா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஏதோ காத்திருக்கும் பார்வை.

'நான் எப்ப விழுவேன்னு பார்க்குறா' என்று ஆஷ்லிக்குச் சுருக்கென்றது. கோபம் வந்தது. அந்தக் கோபமே கொஞ்சம் தெம்பையும் தந்தது.

கேலரியைப் பார்த்தாள். டேவிட்சன் இரண்டு கைகளையும் தொடைகளுக்கு அடியில் வைத்து, அவற்றின் மேலேயே உட்கார்ந்திருந்தான். கை தப்பித்தவறி எழுந்துவிடக் கூடாதாம். அந்த நிலைமையிலும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

அந்த செட் ஏழு-ஐந்து என்று பிரீத்திகாவிடம் போனது. ஆனால் ஆஷ்லி நின்றுகொண்டிருந்தாள். உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீரை வாய் வாயாகக் குடித்தாள். ஐஸ் துண்டைப் பிடரியில் போட்டுக்கொண்டாள். பந்து எட்டாத தூரத்தில் வருமென்றால் ஓடாமல் விட்டாள், கிட்டே வந்தால் மட்டும் ஓங்கி அடித்தாள். மூன்றாவது செட்டில் ஒரு வேடிக்கை நடந்தது. கால் வலி அப்படியே இருந்தது, ஆனால் தலை தெளிந்துவிட்டது. மாதக்கணக்கில் காணாமல் போயிருந்த ஏதோ ஒன்று உடம்புக்குள் திரும்பி வந்து உட்கார்ந்தது.

மூன்று-இரண்டு. ஆஷ்லி முன்னால் இருந்தாள். ஆட்டம் தொடங்கி இரண்டு மணி இருபது நிமிடம்.

பக்கம் மாறும் இடைவேளை. அம்பயர் நாற்காலியைத் தாண்டும்போது இருவரும் கிட்டத்தட்ட உரசிக்கொண்டு போனார்கள். அப்போதுதான் ஆஷ்லி அந்தக் கையைப் பார்த்தாள்.

பிரீத்திகாவின் முன்கை முழுக்கப் புல்லரித்திருந்தது. மயிர்க்கால்கள் குத்திட்டு நின்றன. ஒரு சொட்டு வியர்வை இல்லை. தோல் காய்ந்த காகிதம் மாதிரி இருந்தது. பெஞ்சில் உட்கார்ந்தவள், குளிருக்குப் போர்த்துவதுபோல் துண்டைத் தோளைச் சுற்றி இழுத்து மூடிக்கொண்டாள்.

ஏப்ரலில் இரண்டாவது முறை விலகிய அன்று ஆஷ்லிக்கும் இப்படித்தான் குளிரெடுத்தது. அடுத்த பத்து நிமிடம் என்ன நடந்தது என்று இன்றுவரை அவளுக்கு நினைவில்லை. இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் ஆளே இருந்திருக்க மாட்டாள் என்று டேவிட்சனிடம் டாக்டர் சொன்னதை, அவன் பல நாள் கழித்துத்தான் அவளிடம் சொன்னான்.

அவள் எழுந்து விமலாராணியிடம் போனாள்.

"மேடம், அந்தப் பொண்ணுக்கு உடம்பு சரியில்லீங்க. டாக்டரைக் கூப்பிடுங்க."

விமலாராணி வாக்கி டாக்கியை எடுத்துப் பேசினார். முகம் சுருங்கியது. "முதல் கோர்ட்டுல ஒரு பொண்ணு மயங்கி விழுந்துருச்சாம். டாக்டரு அதோட ஆம்புலன்ஸ்ல போயிருக்காரு. வர்றதுக்கு இருபது நிமிஷம் ஆகும்ங்கிறாங்க." பிறகு குனிந்து கேட்டார், "பிரீத்திகா, ஆட முடியுமா? வேணாம்னா நிறுத்திக்கலாம்மா."

"எனக்கு ஒண்ணுமில்லீங்க மேடம்." பிரீத்திகா நாக்கு தடிக்கச் சொன்னாள். "அவங்களுக்கு முடியலைன்னா அவங்க நிறுத்தட்டுங்க. நான் ஆடுறேனுங்க."

"மேடம், அவ பேச்சே குழறுது."

"எனக்கும் தெரியுது ஆஷ்லி. ஆடுறேன்னு நிக்கிறவளை டாக்டர் பார்த்துச் சொல்லாம நான் இறக்க முடியாது. எனக்கு மேல இருக்கிற ரெஃப்ரீயை வரச் சொல்லியிருக்கேன்." இடைவேளை முடிந்ததென்று "டைம்" சொன்னார்.

பிரீத்திகா சர்வ் போட நடந்தாள். வலது பக்கத்துக்குப் பதில் இடது பக்கம் போய் நின்றாள். விமலாராணி திருத்தினார். மெதுவாக வலப்பக்கம் வந்தாள். பந்தை மேலே எறிந்தாள், அது அவளுக்குப் பின்னால் போய் விழுந்தது. அது எங்கே போயிற்று என்று அவள் ஆகாயத்திலேயே தேடிக்கொண்டிருந்தாள்.

ஆட்டத்தை வேகமாக ஜெயித்து முடித்துவிடலாமா? இன்னும் மூன்று கேம். எவ்வளவு வேகமாக ஆடினாலும் கால் மணி நேரம். இந்தப் பெண்ணிடம் கால் மணி நேரம் இல்லை. அவள் நிறுத்த மாட்டாள். ரெஃப்ரீ மூன்று கோர்ட் தள்ளி எங்கேயோ வந்துகொண்டிருந்தார். இந்த வினாடியே ஆட்டத்தை முடிக்கக்கூடியவர்கள் கோர்ட்டில் இரண்டே பேர்தான். ஒருத்திக்கு நினைவு இல்லை.

ஆஷ்லி கேலரியைத் திரும்பிப் பார்த்தாள். டேவிட்சன் கைகளின் மேல்தான் உட்கார்ந்திருந்தான், ஒரு சைகையும் இல்லை.

அவள் நெட்டை நோக்கி நடந்தாள். கால் வலித்தது, ஆனால் நடை தடுமாறவில்லை.

"மேடம், நான் நிறுத்திக்கிறேனுங்க."

விமலாராணி ஒரு கணம் அவளை உற்றுப் பார்த்தார். பிறகு ஒலிபெருக்கியில் அந்த 'ரிட்டயர்டு' வார்த்தையைச் சொன்னார். தகரக் கூரைக்கு அடியிலிருந்து "இந்தப் பொண்ணுக்கு இதே வேலையாப் போச்சு" என்று யாரோ சலித்துக்கொண்டது கோர்ட் வரைக்கும் கேட்டது.

பிரீத்திகா கை குலுக்க வந்தாள். அந்தக் கை அடுப்பிலிருந்து எடுத்த பாத்திரம்போலச் சுட்டது. பிடித்த கையை ஆஷ்லி விடவில்லை. விடாததால்தான், அடுத்த நொடி அந்தப் பெண் சரிந்தபோது தலை தரையில் மோதவில்லை.

"ஏனுங்க, ஐஸ் பெட்டி."

அதைச் சொல்வதற்குள் டேவிட்சன் வேலியைத் தாண்டிப் பாதி தூரம் வந்திருந்தான். ஆளுக்கொரு பக்கம் தூக்கி, பெண்கள் உடைமாற்றும் அறையில் இருந்த பெரிய பிளாஸ்டிக் தொட்டியில் அவளை உட்கார வைத்தார்கள். குழாயைத் திறந்துவிட்டுப் பெட்டியிலிருந்த ஐஸ் முழுவதையும் கொட்டினார்கள். டேவிட்சன் வெளியே போய்க் கதவருகில் நின்றுகொண்டு, ஆபீஸ் அறையிலிருந்தும் கேன்டீனிலிருந்தும் ஐஸ் வாங்கி வாங்கி உள்ளே நீட்டினான். ஆஷ்லி தொட்டிக்குப் பக்கத்தில் மண்டியிட்டு அவள் தலையைத் தோளில் தாங்கிக்கொண்டாள். குடத்தால் மொண்டு மொண்டு உச்சியில் ஊற்றினாள். விமலாராணி விசிறினார்.

டாக்டர் வந்தபோது சூடு இறங்கத் தொடங்கியிருந்தது. சோதித்துவிட்டு, "நல்லவேளை, இங்கயே குளுர வெச்சுட்டீங்க" என்றார். "காலையில இருந்தே காய்ச்சல் இருந்திருக்கும்போல. கொஞ்ச நேரத்துல ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயி ஒரு நாள் வெச்சுப் பார்க்கணும். நினைவு நல்லாத் தெளிஞ்சா கொஞ்சம் கொஞ்சமாக் குடிக்கக் குடுங்க."

ஆஷ்லி கதவருகில் வந்தாள். டேவிட்சனின் சட்டை முழுக்க நனைந்திருந்தது.

"நானாத்தான் நிறுத்தினேன்" என்றாள்.

"பார்த்தேன்."

"காலு புடிச்சுக்கிச்சு."

டேவிட்சன் அவள் கால்களைப் பார்த்தான். இரண்டரை மணி நேரம் ஆடி, ஒரு பெண்ணைத் தூக்கி, அரை மணி நேரம் தண்ணீர் மொண்டு ஊற்றிவிட்டு நேராக நிற்கும் கால்கள்.

"அப்படியா? அடுத்த வாரம் ஈரோட்டுல ஆடுறதுக்குப் பேரு குடுக்க இன்னைக்கு அஞ்சு மணியோட கடைசியாம்" என்றான். "இப்பத்தான் போன்லயே குடுத்துப்போட்டேன்."

"என்னையக் கேக்காமயா?"

"உள்ள பிஸியா இருந்த அம்மணி."

அவளுக்குக் கண் கலங்கியது. அவனுடைய ஈரச் சட்டையில் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

உள்ளே பிரீத்திகா கண் விழித்திருந்தாள். எங்கே இருக்கிறோம் என்று புரிய அவளுக்குச் சிறிது நேரம் பிடித்தது. சொந்தப் பெயரையும் ஊரையும் டாக்டரிடம் சரியாகச் சொன்னாள்.

"அக்கா, மேட்ச் என்னாச்சுங்க?"

"நீதான் கண்ணு ஜெயிச்ச."

அந்தப் பெண்ணின் முகம் மலர்ந்து, உடனே வாடியது. "உங்ககிட்ட ஒண்ணு சொல்லோணுமுங்க. காலையில பஸ் ஏறும்போதே எனக்குக் காய்ச்சல். அம்மாகிட்டக்கூடச் சொல்லல. நீங்க மூணு தடவை பாதியில விட்டிருக்கீங்கன்னு பசங்க பேசிக்கிட்டாங்க. இன்னைக்கும் விட்டுருவீங்க, ஒரு மணி நேரம் தாக்குப்புடிச்சாப் போதும்னு நெனச்சுத்தானுங்க எறங்கினேன். நீங்க என்னடான்னா விடவே மாட்டேங்கிறீங்க." அவள் உதடு துடித்தது. "தப்புங்களாக்கா?"

எதிரே நின்ற அந்தக் காத்திருக்கும் பார்வைக்கு அர்த்தம் இப்போது ஆஷ்லிக்குப் புரிந்தது. கோபம் வரவில்லை. அந்தப் பெண்ணின் நனைந்த தலையைக் கோதிவிட்டாள்.

"காய்ச்சலை மறைச்சது தப்பு. இனிமே செய்யாத. அம்மாவுக்குப் போன் பண்ணிட்டோம், பஸ்ஸு ஏறிட்டாங்க. ஆஸ்பத்திரியில இருந்து விட்டதும் நேரா எங்க ஊட்டுக்கு வந்துரு, ரெண்டு நாள் படுத்துட்டு அப்புறம் ஊருக்குப் போலாம்."

"நாளைக்கு செமி ஃபைனலு?"

"ஆட வேண்டாம், வாக்ஓவர் குடுத்துரு. உசுரு இருந்தா அடுத்த செமி ஃபைனலு வரும்."

பிரீத்திகா தலையாட்டினாள். பிறகு ஐஸ் மிதக்கும் தொட்டிக்குள்ளிருந்து ஆஷ்லியை மிகுந்த பரிவோடு பார்த்தாள்.

"நீங்க ஏனுங்கக்கா நிறுத்திட்டீங்க? மூணு-ரெண்டு லீடிங்ல இருந்தீங்களே."

"காலு புடிச்சுக்கிச்சு கண்ணு."

"அதான பார்த்தேன். காலையில வெறும் வயித்தோட வந்திருப்பீங்க. உடம்பைப் பார்த்துக்கோணுமுங்கக்கா. மேட்ச்சுக்கு முன்னாடி மோருல உப்புப் போட்டு ரெண்டு டம்ளர் குடிச்சுப் பாருங்க, காலே புடிக்காது."

விமலாராணி விசிறுவதை நிறுத்திவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார்.

"சரி கண்ணு, இனிமே குடிக்கிறேன்" என்ற ஆஷ்லி, டேவிட்சன் கேன்டீனிலிருந்து கொண்டுவந்த மோரை அவள் உதட்டில் வைத்து, "மெதுவா, மெதுவா" என்றாள்.