தவறி விழவில்லை

"கால் தவறி வுழுந்துட்டான்னு சொல்லு. வேற ஒரு வார்த்தை பேசக் கூடாது," என்றார் மதலைமுத்து ராயம்மாளிடம். கூடத்தில் அவருடைய தம்பி, ராயம்மாளின் கணவன் அருள்நாதனின் உடல் கிடந்தது. விடியற்காலையில்தான் கிணற்றிலிருந்து எடுத்திருந்தார்கள். வாசலில் பங்குச் சாமியாரின் மோட்டார் சைக்கிள் வந்து நின்றது.

ராயம்மாள் கணவனின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். மழை பொய்த்து கேழ்வரகு கருகிய நாளிலிருந்து அவனுக்குத் தூக்கம் போயிற்று. "நான் பாவி. ஆண்டவரு என்னைக் கைவிட்டுட்டாரு" என்று ஓயாமல் சொல்லிக்கொண்டு, சோற்றைத் தொடாமல் மூலையில் கிடந்தான்.

"தர்மபுரியில மனசுக்குப் பாக்குற டாக்டருகிட்டக் காட்டலாங்க மாமா" என்று அவள் அப்போதே மதலைமுத்துவிடம் கெஞ்சிப் பார்த்தாள்.

"பைத்தியக்கார வூடுன்னு பேராயிட்டா உம்மவ சகாயமேரிய எவன் கட்டுவான்? விசுவாசம் கொறஞ்சவனுக்குத்தான் இப்படி வரும். முழங்கால்ல நின்னு செபம் பண்ணட்டும்" என்று மதலைமுத்து தடுத்துவிட்டார். அவனும் நின்றான். முழங்கால் தோல் உரிந்ததுதான் மிச்சம்.

சாமியார் உள்ளே வந்து சிலுவை அடையாளம் போட்டார். "எப்படிம்மா ஆச்சு? தானா குதிச்சிருந்தா கல்லறைத் தோட்டத்துல எடம் குடுக்க ஊர்ல ஒத்துக்க மாட்டாங்க. அதான் கேக்குறேன்."

சகாயமேரியைத் தன் மகனுக்குப் பேசி முடித்திருந்த கிருஷ்ணகிரிக்காரர் நிலைப்படி ஓரம் நின்றிருந்தார். மதலைமுத்து முறைத்தார்.

"தவறி வுழலீங்க சாமி," என்றாள் ராயம்மாள். "அவருக்கு மனசுல நோவு. காய்ச்சல் வந்தா ஊசி போடுறோம். இதுக்கு மட்டும் பாவம்னு பேரு வெச்சு முட்டி போட வெச்சோம். நோவுல செத்தவருக்கு எடமில்லைன்னா சொல்லிருங்க, எங்க வெள்ளாமக் காட்டுலயே பொதைச்சுக்கிறேன்."

சாமியார் கோயில் உபதேசியாரைக் கூப்பிட்டு, கல்லறைத் தோட்டத்தில் குழி வெட்டச் சொன்னார். கிருஷ்ணகிரிக்காரர் அடக்கத்துக்கு நிற்காமல் பஸ் ஏறினார். சகாயமேரி அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். ராயம்மாள் குடும்ப மானத்தை வாங்கிவிட்டாள் என்று தெருவெல்லாம் சொல்லித் திரிந்த மதலைமுத்து, அதன்பின் அந்த வீட்டுப் பக்கமே வரவில்லை.

முப்பதாம் நாள் பூசை முடிந்து சில நாள் கழித்து, ராயம்மாள் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தபோது அவரே வந்தார். கன்னம் ஒட்டியிருந்தது. சட்டைப் பட்டனை மாற்றிப் போட்டிருந்தார். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் கிட்டே வந்தார்.

"தூக்கமே வர்றதில்லம்மா. கண்ணை மூடுனா தம்பி முழங்கால்ல நிக்கிறான். நீ சொன்ன டாக்டரு எங்க இருக்காரு?"

"நாளைக்கு நானே கூட்டிட்டுப் போறேங்க மாமா."

அவர் தலையாட்டினார். "ஆனா, யாராச்சும் கேட்டா வயித்து வலின்னு சொல்லிரு."

ராயம்மாள் வாளியைக் கீழே வைத்தாள்.

"அப்படிச் சொல்ல மாட்டேங்க மாமா," என்றாள். "காலையில மொத பஸ்ஸு. கெளம்பி வந்துருங்க."