நோட்டில் இருந்த தேதி

ஷூ கம்பெனியின் மூன்றாவது லைனில் பதினொன்றாவது மெஷின் பூர்ணிமாவுடையது. மணிக்கு நாற்பது ஜோடி. சொல்யூஷன் பசை தடவி ஒட்டிய ஷூ மேல்தோல்கள் தட்டில் வரும். ஓரத்தில் இரட்டைத் தையல் போட்டு அடுத்த தட்டில் வைக்க வேண்டும். மூன்று வருடமாக அந்தச் சொல்யூஷன் வாசனை மூக்கில் ஏறியதே தெரிந்ததில்லை. சில மாதங்களாகக் கம்பெனி பஸ்ஸில் ஏறும்போதே தொண்டைக்கு வந்துவிடுகிறது. ஓவர்கோட் பாக்கெட்டில் பாதி எலுமிச்சம்பழம் வைத்திருந்தாள். லைன் போர்டில் பத்து மணிக்கு நேராக முப்பத்தாறு என்று எழுதினார்கள். நாலு கம்மி.

சூப்பர்வைசர் அமிர்தவள்ளி மெஷினை ஒட்டி வந்து நின்றாள்.

"ஆஃப் பண்ணுடி. ஹெச்.ஆர்.ல கூப்டறாங்க." பிறகு குரலை இறக்கினாள். "நான் ஒன்னும் சொல்லல. இ.எஸ்.ஐ. டாக்டர் சீட்டு நேரா அங்க போயிடுச்சி."

ஹெச்.ஆர். அதிகாரி செந்தில்குமார் நாற்காலியைக் காட்டினார். மரியாதையாகத்தான் பேசினார்.

"வாழ்த்துகள்ம்மா. எத்தினி மாசம்?"

"அஞ்சு முடியுது சார். பிரசவ லீவுக்கு இப்பவே எழுதிக் குடுக்கணும்னாங்க."

"குடுக்கலாம். ஆனா இத பாரு." கம்ப்யூட்டர் திரையை அவள் பக்கம் திருப்பினார். அவள் பெயருக்கு நேராக, திருமணமாகாதவர் என்று இருந்தது. "ரெக்கார்டுல கல்யாணம் ஆவாத பொண்ணு. பிரசவ லீவுல நான் எப்பிடி கையெழுத்து போடறது?"

பூர்ணிமா ஓவர்கோட் காலருக்குள் விரலை விட்டு மஞ்சள் கயிற்றை வெளியே எடுத்தாள்.

"இருக்குது சார்."

"இது பஜார்ல எந்தக் கடையிலயும் கெடைக்கும்மா. ரிஜிஸ்டர் பண்ண சர்ட்டிபிகேட் கொண்டா. ஒரு மாசம் டைம்."

அவள் கயிற்றை உள்ளே போட்டுக்கொண்டாள். அவருக்குப் பின்னால் சுவரில் சட்டகம் போட்ட ஓர் அறிவிப்பு தொங்கியது. பேறுகாலச் சட்டம் என்ற தலைப்பு தெரிந்தது. அதற்குக் கீழே வலது பாதியை இரும்பு பீரோ மறைத்திருந்தது.

வேலைக்கு வந்த முதல் நாள் ஆலங்காயத்திலிருந்து வேனில் ஏழு பெண்களை அழைத்து வந்தவள் அமிர்தவள்ளிதான். கேட்டுக்கு முன்னால் வேனை நிறுத்திச் சொன்னாள்: "கல்யாணம் ஆன பொண்ணுங்கள எடுக்க மாட்டாங்க. மெட்டிய கழட்டி பர்ஸ்ல போடுங்க. தாலி உள்ள இருக்கட்டும். ஃபாரத்த நானே எழுதறேன், நீங்க கையெழுத்து மட்டும் போடுங்க." ஏழு பேரில் நாலு பேர் குனிந்து மெட்டியைக் கழற்றினார்கள். அன்றிலிருந்து தினமும் காலையில் பஸ்ஸில் கழற்றுவதும் சாயந்திரம் போட்டுக்கொள்வதும்தான். இரண்டாவது விரலில் மட்டும் வெயில் படாத ஒரு வெள்ளை வளையம் நின்றுவிட்டது. மதியச் சாப்பாட்டில் பெண்கள் செருப்பைக் கழற்றிவிட்டு உட்காரும்போது யார் யாருக்குக் கல்யாணம் ஆகியிருக்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை அவளும் கணவன் செல்வகுமாரும் பைக்கில் கோயிலுக்குப் போனார்கள். ஆலங்காயத்தைத் தாண்டி, காடு தொடங்கும் இடத்தில் ஒரு குன்றின் மேல் இருக்கும் முருகன் கோயில். தாலி கட்டியது அங்கேதான். கோயிலில் கொடுத்த ரசீது, வீடு ஒழுகிய ஒரு மழையில் மற்றக் காகிதங்களோடு கூழாகிவிட்டது.

சீட்டு கொடுக்கும் ஜன்னலுக்குள் எழுத்தர் அருணகிரி செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டு ரசீதுப் புத்தகத்தை எடுத்தார்.

"பழைய நோட்டெல்லாம் எங்க போய் தேடறது? தேதி சொல்லு, போட்டுத் தர்றேன். எது வேணுமோ அது. லோனுக்கு ஒரு தேதி, ரேஷன் கார்டுக்கு ஒரு தேதின்னு எத்தினி பேரு வாங்கினு போறாங்க."

"வாங்கினு போயிடலாம் பூர்ணி," என்றான் செல்வகுமார். அவன் தோல் பதனிடும் தொட்டிகளில் வேலை பார்ப்பவன். இரண்டு மணி ஷிப்டுக்கு வாணியம்பாடி போக வேண்டும்.

"நாளைக்கு நோட்டு எங்கன்னு கேட்டா இன்னா மாமா சொல்றது? நெஜமாவே நடந்திருக்குது. பொய் எதுக்கு?" அவள் ஜன்னல் பக்கம் திரும்பினாள். "நானே தேடிக்கறேன் சார். பொட்டிய மட்டும் காட்டுங்க."

மடைப்பள்ளிக்குப் பக்கத்து அறையில், பழைய திரைச்சீலைகளுக்கு அடியில் பெட்டி இருந்தது. பூர்ணிமா நீண்ட நோட்டுகளை வெளியே எடுத்துத் தூசி தட்டி, வருட வரிசையாகத் தரையில் அடுக்கினாள். சில நோட்டுகளுக்கு அட்டை இல்லை. எண்ணெய் பட்ட பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. வயிறு மடங்கியதால் குனிய முடியாமல் காலை நீட்டி உட்கார்ந்து பார்த்தாள். எடுத்த நோட்டை இரண்டு தடவை பார்த்த பிறகுதான் ஓரம் வைத்தாள். முதல் தடவையில் தவறவிட்டிருப்போமோ என்ற பயம் அவளுக்கு எப்போதும் உண்டு.

"கல்யாணத்தன்னிக்கு கூட இவ்ளோ நேரம் ஆவல," என்றான் செல்வகுமார். "பத்தே நிமிஷத்துல அய்யரு கட்ட வெச்சி தொரத்தினாரு."

"பின்ன? பதினாலு ஜோடி லைன்ல நின்னா இன்னா பண்ணுவாங்க?" என்றார் வாசலில் நின்ற அருணகிரி. "உங்களுக்கு முன்னால ஒரு மாப்ள தாலிய வீட்லயே மறந்துட்டு வந்துட்டான். ஞாபகம் இருக்குதா?"

"இதோ, அந்தாளுதான் சார்!" பூர்ணிமா நோட்டில் ஒரு பெயரின் மேல் விரலை வைத்தாள். "அவங்க ரெண்டாவது. நாங்க மூணாவது."

பிலவ வருடம், தை இருபத்துநாலு. இரண்டாயிரத்து இருபத்திரண்டு, பிப்ரவரி ஆறு. அவன் பெயர், அவள் பெயர், இருவர் வயது. சாட்சி என்ற இடத்தில் அவள் அப்பாவின் இடது கட்டைவிரல் ரேகை. மை கொஞ்சம் பரவியிருந்தது. அப்பா இறந்து வருடம் ஒன்றாகிறது. அவள் அந்த ரேகையின் மேல் தன் விரலை வைக்கப் போய், கலைந்துவிடுமோ என்று எடுத்துக்கொண்டாள்.

அருணகிரி அதே தேதியைப் போட்டு ரசீது எழுதித் தந்தார். செல்வகுமாருக்கு அன்று ஷிப்டு போனது.

சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே ரஷீத் அஹமதுவின் ஜெராக்ஸ் கடை. கல்யாணப் பதிவுக்கான விண்ணப்பங்களை அங்கேதான் கம்ப்யூட்டரில் போடுவார்கள். அவர் கோயில் ரசீதைப் பார்த்து அடித்துக்கொண்டே பேசினார்.

"மூணு வருஷம் தாண்டிடுச்சி. இப்ப இன்னா அவசரம்?"

"கம்பெனில கேக்கறாங்கண்ணா. பிரசவ லீவுக்கு."

"எப்ப சேந்த அங்க?"

"அதே வருஷம் ஜூன்ல."

அவருடைய விரல்கள் நின்றன. ரசீதை ஒருமுறை பார்த்தார். அவளைப் பார்த்தார்.

"இன்னாண்ணா?"

"ஒன்னுமில்ல தங்கச்சி. ரசீதுல இருக்கற தேதியத்தான் அடிக்க முடியும்." மறுபடி அடிக்கத் தொடங்கினார்.

அலுவலகத்துக்கு மூன்று நாள் அலைந்தார்கள். முதல் நாள் சர்வர் இல்லை. இரண்டாம் நாள் சாட்சிக்கு வந்தவரின் ஆதாரில் பழைய முகவரி. மூன்றாம் நாள் கையெழுத்தும் ரேகையும் ஆயிற்று. மூன்று நாளும் பூர்ணிமாவுக்குச் சம்பளமில்லா விடுப்பு. சான்றிதழ் கைக்கு வந்ததும் பிளாஸ்டிக் உறையில் போட்டு, மடியாமல் இருக்க இரண்டு அட்டைகளுக்கு நடுவே வைத்து எடுத்துப்போனாள்.

செந்தில்குமார் உறையிலிருந்து அதை எடுத்து முழுவதும் படித்தார். பிறகு பீரோவைத் திறந்து அவளுடைய ஃபைலைக் கொண்டுவந்தார். சேர்ந்த அன்று கொடுத்த படிவத்தைச் சான்றிதழுக்குப் பக்கத்தில் வைத்தார்.

"கல்யாணம் பிப்ரவரி ஆறு. நீ சேந்தது ஜூன் பதிமூணு."

"ஆமா சார்."

"அப்போ சேரும்போதே கல்யாணம் ஆயிடுச்சி. ஆவலன்னு கையெழுத்து போட்டிருக்கற. பொய்த் தகவல் குடுத்து வேல வாங்கியிருக்கற."

பூர்ணிமா படிவத்தின் மேல் விரலை வைத்தாள்.

"அது என் எழுத்தில்ல சார். அமிர்தவள்ளி அக்காதான் எழுதினாங்க. எங்க எல்லாருக்கும் அப்பிடித்தான் எழுதினாங்க."

அமிர்தவள்ளியைக் கூப்பிட்டார்கள். அவள் பூர்ணிமாவின் முகத்தைப் பார்க்கவில்லை. அமிர்தவள்ளியின் கால் விரல்களில் இரண்டிரண்டு வெள்ளி மெட்டிகள் இருந்தன.

"நான் எதுக்கு சார் அப்பிடி சொல்லப்போறேன்? ஆலங்காயத்து பொண்ணாச்சேன்னு கூட்டினு வந்தேன்."

"அக்கா, வேன நிறுத்தி சொன்னீங்களே, மெட்டிய கழட்டுங்கன்னு!"

"எனக்கு ஞாபகம் இல்லம்மா." அவள் செந்தில்குமாரைப் பார்த்தாள். "சார், கேட்ல புது பேட்ச் நிக்குது. நான் போவட்டா?"

அவர் தலையசைத்தார். அவள் போன பிறகு ஒரு வெள்ளைத் தாளும் பேனாவும் மேசையில் நகர்ந்து வந்தன.

"போலீஸ் கீலீஸ்னு கம்பெனி பேஜார் பண்ணாது. சொந்தக் காரணத்தால விலகறேன்னு நாலு வரி எழுதிக் குடு. மரியாதையா முடிச்சிக்கலாம்."

"நீங்கதான சார் கேட்டீங்க, கொண்டான்னு?"

"கேட்டேன். கொண்டாந்த. அதுல தெரிஞ்சிது."

"கோயில்ல எந்த தேதி வேணும்னாலும் போட்டுத் தர்றேன்னாரு. நான்தான் வேணாம்னு, உக்காந்து தேடி, நெஜமானத எடுத்தாந்தேன்."

"அது நல்ல பழக்கம்தாம்மா," என்றார் அவர்.

பீரோவின் கதவு திறந்தபடி இருந்தது. பூர்ணிமா எழுந்து இரண்டடி நகர்ந்து, சுவரில் இருந்ததைப் படித்தாள். 'கருவுற்றிருக்கும் பெண்ணைப் பணிநீக்கம்' என்பது வரை தெரிந்தது. மீதி பீரோவுக்குப் பின்னால் இருந்தது.

"எழுத மாட்டேன் சார்."

"உன் இஷ்டம். நாளையிலருந்து உன் கார்டு பன்ச் ஆவாது." அவர் சான்றிதழை ஃபைலுக்குள் வைக்கப் போனார். "இது இங்க இருக்கட்டும். ஜெராக்ஸ் வேணா எடுத்துக்கோ."

அவள் கையை நீட்டி அதன் ஓரத்தைப் பிடித்தாள். அவர் விடவில்லை. அவளும் விடவில்லை.

"ஜெராக்ஸ நீங்க வெச்சிக்கங்க. இது என் கல்யாணம் சார்."

அவர் விட்டார்.

கேட்டில் காவலாளி ஓவர்கோட்டையும் கார்டையும் வாங்கிக்கொண்டான். ஓவர்கோட் பாக்கெட்டில் கையை விட்டு, காய்ந்துபோன பாதி எலுமிச்சம்பழத்தை எடுத்து அவளிடம் திருப்பித் தந்தான். உள்ளே ஷெட்டில் மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன.

வெளியே சாலையோரம் வேன் நின்றது. வெயிலில் ஆறு பெண்கள் வரிசையாக நின்றார்கள். அமிர்தவள்ளி வேனின் முன்பக்கத்தில் தாளை வைத்து எழுதிக்கொண்டிருந்தாள். "பேரு?" என்றாள். "அப்பா பேரு?" என்றாள். "வயசு?" என்றாள். திருமணம் ஆனவரா என்ற அடுத்த கட்டத்தை அவள் கேட்கவில்லை. எழுதினாள்.

கடைசியில் நின்ற பெண்ணுக்கு இருபது வயது இருக்கலாம். ரப்பர் செருப்பு போட்டிருந்தாள். பூர்ணிமா பார்ப்பது தெரிந்ததும், இரண்டாவது விரல்களில் வெள்ளை வளையம் விழுந்த கால்களைச் சேலைக் கரைக்குள் இழுத்துக்கொண்டாள்.