மேற்கோள் சேர்த்த கைகள்

கிழக்கு வெளுக்கும் முன்பே ஜான்சி பாத்தியில் இறங்கிவிட்டாள். கணுக்கால் அளவு உப்புத் தண்ணீர். நீளக் கழியின் முனையில் பொருத்திய பலகையை எட்டிப் போட்டு, முழு உடம்பையும் பின்னால் சாய்த்து இழுத்தால், அடியில் படிந்த உப்பு கரகரவென்று திரண்டு வரப்போரம் சேரும். பத்து இழுப்புக்குள் இடுப்பு விட்டுப்போனது. விரல் இடுக்குகளில் வெடிப்பு. ஒவ்வொரு வெடிப்பிலும் உப்பு இறங்கிக் காந்தியது.

இது அவள் வேலையில்லை, புருஷன் ஜெயசீலனுடையது. பதினெட்டு வருஷம் மரக்காணத்து உப்பளத்து வெயிலில் நின்றதில் அவனுடைய இரண்டு சிறுநீரகங்களும் பாதிக்கு மேல் கெட்டுவிட்டன. வெயில் ஏறினால் தலைசுற்றி விழுகிறான். ஆள் வராத பாத்தியை மேஸ்திரி மறுநாளே இன்னொருவனுக்குக் கொடுத்துவிடுவார். அதனால் விடிவதற்குள் அவனுடைய பங்கில் பாதியை இவள் வாரிப் போடுவாள்.

"போதும், கெளம்பு. வேன் போயிடும்" என்றான் ஜெயசீலன்.

"வெயில் ஏர்றதுக்குள்ள நீயும் வூட்டுக்குப் போயிடு. மேஸ்திரி எது சொன்னாலும் நிக்காத."

காலைக் கழுவி, துணி மாற்றிக்கொண்டு, ஏழு மணிக்கு அவள் கம்பெனி வேனில் இருந்தாள்.

கம்பெனி பெரிய முதலியார்சாவடியில், சாலையோரம் இரண்டு மாடிக் கட்டடம். நாற்பத்திரண்டு பேர், நாற்பத்திரண்டு கம்ப்யூட்டர். வெளிநாட்டு ஆராய்ச்சி இதழ்களின் கட்டுரைகள் அச்சுக்குப் போகுமுன் இங்கே வரும். ஒவ்வொரு கட்டுரைக்கும் கடைசியில், அதில் எடுத்துக்காட்டிய மற்றக் கட்டுரைகளின் பட்டியல் இருக்கும். அந்தப் பட்டியலைச் சரிபார்ப்பதுதான் வேலை. பெயர், வருஷம், இதழ், பக்கம் என்று ஒரு புள்ளி பிசகக்கூடாது. ஒரு நாளைக்கு நானூறு வரி என்றிருந்த டார்கெட்டைத் தை மாதம் அறுநூற்றைம்பது ஆக்கினார்கள். சம்பளம் அதேதான். முடிக்காத நாள் அரை நாள் லீவாகிவிடும். கண்ணில் நீர் வழிய வழிய உட்கார்ந்திருப்பார்கள்.

பத்து மணிக்கு முதலாளி சக்கரபாணி கூப்பிட்டனுப்பினார்.

"உக்காருமா ஜான்சி. எத்தினி வருஷமா இங்க இருக்கிற?"

"ஒம்பது வருஷம் சார்."

"அதான் உங்கிட்ட பேசறேன்." ஒரு தாளை மேஜைமேல் நகர்த்தினார். "படி."

ஒன்பது வருஷம் ஆங்கிலக் கட்டுரைகளைப் படித்தவளுக்கு அது கஷ்டமாக இல்லை. குறிப்பிட்ட ஓர் இதழின் கட்டுரைகளை மற்ற இதழ்களின் மேற்கோள் பட்டியல்களில் நிர்வாகத்துக்குத் தெரியாமல் நானாகவே சேர்த்தேன், முழுப் பொறுப்பும் என்னுடையது என்று எழுதியிருந்தது. கீழே அவள் பெயர். கையெழுத்துக்கு இடம்.

நடந்தது எல்லாருக்கும் தெரியும். ஓர் இதழின் கட்டுரைகளைப் பிறர் எத்தனை முறை மேற்கோள் காட்டுகிறார்கள் என்று எண்ணி, வருஷா வருஷம் அந்த இதழுக்கு ஒரு மதிப்பெண் போடுகிறார்கள். இம்பேக்ட் ஃபேக்டர் என்று அதற்குப் பெயர். அந்த எண் ஏறினால் இதழுக்குப் பேரும் பணமும். பேராசிரியர்களின் வேலையும் பதவி உயர்வும்கூட அந்த எண்ணைத்தான் பிடித்துக்கொண்டு நிற்கின்றன. இரண்டு வருஷமாக ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் சக்கரபாணியின் போனிலிருந்து கம்பெனி ஆப்பில் ஒரு பட்டியல் வரும். ஒரே இதழில் வந்த பன்னிரண்டு கட்டுரைகள். 'எடம் கெடைக்கிற எடத்துல சேருங்க' என்று ஒரு வரி. சேர்த்தார்கள். இப்போது எண்ணுகிறவர்களே கணக்கு வீங்கியிருப்பதைக் கண்டுபிடித்து அந்த இதழை மதிப்பெண் பட்டியலிலிருந்தே தூக்கிவிட்டார்கள். யார் செய்தது என்று, வேலை கொடுக்கிற பதிப்பகம் இரண்டு நாள் கெடு வைத்துக் கேட்டிருந்தது.

"நீங்க லிஸ்ட்டு அனுப்புனீங்க சார். நாங்க சேத்தோம்."

"எந்த லிஸ்ட்டு? காட்டு பாக்கலாம்."

போனை எடுத்துத் தடவிப் பார்த்தாள். செவ்வாய்க்குச் செவ்வாய் ஒரே வரிதான் இருந்தது: இந்தச் செய்தி நீக்கப்பட்டது.

"உன் ஐடில சேத்தது முந்நூத்திச் சொச்சம் இருக்குது. சீனியரு நீ. யாரு கேட்டாலும் நம்புவாங்க."

"போட்டா?"

"வேலைய விட்டு நின்னுடு. கேஸு கீஸு எதுவும் வராம நான் பாத்துக்கறேன்."

"எங்க வூட்டுக்காரரு ஈ.எஸ்.ஐ. கார்டுலதான் சார் வைத்தியம் பாக்குறாரு. வேல போனா கார்டும் போயிடும். வேற எந்தக் கம்பெனியும் என்ன சேத்துக்காது."

"போடலன்னா கான்ட்ராக்ட்டே போவும். நாப்பத்தோரு குடும்பம் உன்னால தெருவுக்கு வரும். அத அவங்ககிட்ட நீயே போயி சொல்லிக்க." கடிகாரத்தைப் பார்த்தார். "அஞ்சு மணி வரைக்கும் டைம்."

மதியச் சாப்பாட்டுக்குக் கொட்டகையில் கூடியபோது சேதி பரவியிருந்தது. யாரும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. கடைசியில் ஒருத்தி தலை நிமிராமலே சொன்னாள்: "போட்டுடுக்கா. நாங்க மாசா மாசம் எங்களால ஆனத குடுக்கறோம். மூணு புள்ளைங்கள வெச்சிக்கினு நான் எங்க போவேன்?"

அதில் பொய்யில்லை. அதனால்தான் ஜான்சிக்கு அழுகை முட்டியது. கையெழுத்துப் போட்டுவிட்டுக் கடலில் விழுந்துவிடலாமா என்றுகூட ஒரு கணம் தோன்றியது.

"போடறேன்" என்றாள். "ஆனா நான் ஒண்ணும் செய்யாதவ இல்ல. அதயும் கேட்டுக்குங்க. அம்பது வரிக்கு மேல கூடாதுன்னு சொல்ற இதழ்ல, புதுசா சேக்கணும்னா இருக்கறத எடுக்கணும். 'யாரும் கேக்காததப் பாத்து எடுங்க'ன்னு சார் சொன்னாரு. போன மாசியில ஒண்ணு வந்துச்சு. உப்பளத்து ஜனங்க கிட்னியப் பத்தி ஒரு டாக்டரம்மா எழுதுனது. எங்க வூட்டுக்காரரு அதுக்கு ரத்தம் குடுத்தாரு. எங்க ஊர் பேரு அதுல இருந்துச்சு. பாத்துட்டு, தெரிஞ்சேதான் அழிச்சேன். அன்னிக்கு இன்னும் நூறு வரி பாக்கி."

"ஒரு வரிய எடுத்தா இன்னாக்கா ஆயிடப் போவுது?" என்றாள் பூஜா. மரக்காணத்துக்கு அடுத்த பிரம்மதேசத்துப் பெண். சேர்ந்து ஒரு வருஷம் ஆகிறது.

"எத்தினி பேரு எடுத்துக் காட்றாங்கன்னு பாத்துதான ஆராய்ச்சிக்கு மேல பணம் குடுப்பாங்க? அந்தம்மா அதுக்கப்பறம் எங்க ஊருக்கு வரவே இல்ல. என்னாலதான்னு சொல்ல மாட்டேன். ஆனா என் கையும் அதுல இருக்குது."

பூஜா சாப்பிடாமல் எழுந்து உள்ளே போனாள். எந்த நாள் யார் எதைச் சேர்த்தார்கள் என்று கம்ப்யூட்டர் தானே குறித்துவைக்கும் பதிவை அச்செடுத்து, கால் மணி நேரத்தில் நாலைந்து தாள்களோடு திரும்பி வந்தாள்.

"இது என் லாகு. சித்திர ஏழாந்தேதி செவ்வாக்கெழம. பாருங்க, பன்னண்டு கட்டுர. ஜான்சியக்கா லாகுலயும் அதே நாளு, அதே பன்னண்டு." தாள்களை டப்பாக்களுக்கு நடுவே விரித்தாள். "நாப்பத்திரண்டு பேருக்கு ஒரே நாள்ல ஒரே பன்னண்டு எப்படி சொந்தமா தோணும்? சாரு போன்ல அழிச்சிட்டாரு. நம்ம லாகுல அழிக்க முடியாது. ஒருத்தரு மட்டும் காட்டினா அது அவங்க குத்தம். எல்லாரும் காட்டினா யாரு சொன்னதுன்னு தெரிஞ்சிடும்."

"எல்லாரு வேலயும் போயிடும்" என்றான் திருமுருகன். வேலையைப் பங்கிட்டுக் கொடுக்கிற பொறுப்பு அவனுடையது. செவ்வாய்க்கிழமைப் பட்டியலை நினைவூட்டுகிறவனும் அவன்தான். "எம் பொண்டாட்டிக்கு இது எட்டாவது மாசம். என்ன இதுல இழுக்காதீங்க."

"இன்னிக்கு ஜான்சியக்கா. அடுத்த தபா மாட்டினா யாரு பேரு எழுதுவாங்க? உன் பேருதாண்ணா" என்றாள் பூஜா.

அவன் டப்பாவை மூடிக்கொண்டு போய்விட்டான். பிறகு, போட்டுவிடு என்று சொன்ன அந்த மூன்று பிள்ளைக்காரிதான் முதலில் எழுந்தாள். "எங்கடி அந்த லாக எடுக்கறது? எனக்குக் காட்டு" என்றாள்.

நாலரைக்கு இருபத்தாறு பேர் சக்கரபாணியின் அறை வாசலில் நின்றார்கள். ஒரே கடிதம், இருபத்தாறு கையெழுத்து, பின்னால் இருபத்தாறு பேரின் லாக்.

அவர் படித்துவிட்டுச் சிரித்தார். "இத அனுப்பினா கம்பெனிய மூட வேண்டியதுதான். கிளைய வெட்டறீங்கடா, ஒக்காந்திருக்கிற கிளைய."

"வெட்டுனது நாங்க இல்ல சார்" என்றாள் ஜான்சி. "நான் கையெழுத்துப் போட்டா அடுத்த செவ்வாக்கெழம வேற லிஸ்ட்டு வரும். நாங்க செஞ்சத ஒத்துக்கறோம். செய்யச் சொன்னத நீங்க ஒத்துக்குங்க. டார்கெட்ட நானூறுக்குக் கொண்டாங்க. யாரயும் நிறுத்தாதீங்க."

"சொல்லிக் குடுத்து யாரும்மா அனுப்பினது?"

"நீங்கதான் சார். ஒம்பது வருஷமா ஒரு புள்ளி பிசகக்கூடாதுன்னு சொல்லிக் குடுத்தீங்களே."

அவர் முகம் கறுத்தது. ஐந்து மணிக்கு அவர்களே கடிதத்தை மெயிலில் பதிப்பகத்துக்கு அனுப்பினார்கள். தொழிலாளர் அலுவலருக்கும் ஒரு நகல் போனது. ஐந்தேகாலுக்கு வாட்ச்மேன் வந்து சொன்னார்: நாளை வேன் வராது, கையெழுத்துப் போட்டவர்கள் யாரும் வர வேண்டாம். வேன் வராவிட்டாலும் காலையில் கேட்டுக்கு முன்னால் போய் நிற்பது என்று அவர்கள் பேசி வைத்துக்கொண்டார்கள்.

வீட்டில் ஜெயசீலன் எல்லாவற்றையும் கேட்டான். டாக்டரம்மாவின் கட்டுரை வரியை அழித்ததையும் அவள் மறைக்கவில்லை. அவன் குனிந்து தன் வீங்கிய பாதங்களைப் பார்த்தான்.

"முன்னாடியே எங்கிட்ட சொல்லியிருக்கலாம்" என்றான். பிறகு, "காலைல பாத்திய நான் பாத்துக்கறேன். இருட்டோட போயிட்டு வந்துடறேன். நீ போ."

விடிந்தும் மெயிலுக்குப் பதில் இல்லை. வேனும் வரவில்லை. ஏழு மணிக்கு மரக்காணம் பேருந்து நிறுத்தத்தில் ஜான்சி தனியாக நின்றாள். கார்டு இன்னும் எத்தனை நாள் ஓடும், மருந்து இன்னும் எத்தனை நாளைக்கு வரும் என்று மனம் ஓடியது. யாரும் வராவிட்டால் கேட்டுக்கு முன்னால் தனியாக எப்படி நிற்பது?

பூஜாவை அவள் அப்பா மொபெட்டில் கொண்டுவந்து இறக்கிவிட்டார். அடுத்து மூன்று பிள்ளைக்காரி, இடுப்பில் கடைசிப் பிள்ளையோடு. பிறகு இருவர். தெற்கே உள்ள ஊர்க்காரர்கள் நேராகக் கேட்டுக்கே வந்துவிடுகிறோம் என்று போனில் சொன்னார்கள். புதுச்சேரி பஸ் வந்து நின்றது.

"எங்கம்மா, கூட்டமா?" என்றார் கண்டக்டர்.

"பெரிய முதலியார்சாவடிங்க. வேலைக்கு."

"ஏறுங்க, ஏறுங்க. நேரமாவுது. ரைட்டு சொல்லட்டா?"

படியில் ஒரு காலை வைத்த ஜான்சி திரும்பிப் பார்த்தாள். சாலைக்கு அந்தப் பக்கம், லாரிகளுக்கு இடையில் கையை ஆட்டிக்கொண்டு, மடித்த லாக் தாள் ஒன்று சட்டைப்பையில் துருத்திக்கொண்டிருக்க, திருமுருகன் ஓடி வந்துகொண்டிருந்தான். அவனுக்குப் பின்னால் இன்னும் இரண்டு பேர்.

"கொஞ்சம் நில்லுங்கண்ணா" என்றாள் அவள். "இன்னும் ஆளு வர்றாங்க."