இரண்டுக்கும் ஒரே ஸ்பிரிங்

காரின் குலுக்கலைத் தாங்கும் நான்கு சொக்கப்சோபர்களும் செத்துவிட்டன, மாற்றாமல் வீதியில் ஓட முடியாது என்று பரிசோதனை நிலையத்தில் சொன்னபோது, இமெல்டாவுக்குக் கவலையை முந்திக்கொண்டு ஒரு சந்தோஷம் வந்தது. உடனே அதை மறைத்துக்கொண்டாள். பக்கத்தில் யாரும் இல்லாதபோதும் மறைத்துக்கொண்டாள்.

அவள் கணவன் டெனிசுக்குச் சிறுநீரகத்தில் தொடங்கிய புற்றுநோய் முதுகெலும்புக்கு வந்திருந்தது. அவர்கள் குடியிருந்த நோர்வேஜியப் புறநகர் புருசெத்திலிருந்து நகரத்து ஆஸ்பத்திரிக்கு, கதிர்ச் சிகிச்சைக்கு, அவனை அவள்தான் காரில் கூட்டிப்போக வேண்டும். வீட்டில் இருந்தது அந்தப் பழைய கொல்ஃப் கார் மட்டும்தான். கோடைகால ஞாயிறுகளில், விரும்பியவர்கள் தங்கள் காரோடு வந்து ஓடலாம் என்று திறந்துவிடும் பந்தயத்திடலில் அவள் ஓட்டுவதும் அதே காரைத்தான்.

லைசென்சுக்காக எல்லோரும் செய்யவேண்டிய வழுக்குப் பயிற்சியில்தான் அந்த ஆசை தொடங்கியது. நனைத்த தரையில் கார் சுழன்றபோது கூட வந்த பெண் கத்தினாள், இமெல்டா சிரித்தாள். தான் அப்படிச் சிரித்ததை அதற்கு முன் அவள் கேட்டதில்லை. வயோதிபர் இல்லத்தில் ஆட்களைப் புரட்டி, குளிப்பாட்டி, ஊட்டி, வீட்டுக்கு வந்து அதையே திரும்பச் செய்கிற வாழ்க்கையில், அந்த வளைவுகளில் மட்டும் அவள் யாருக்கும் எதுவுமாக இருக்கவில்லை. தேவாலயத்தில் இதை யாருக்கும் சொன்னதில்லை. டெனிசுக்குத் தெரியும். நோய் வரும் மட்டும் அவனும் வேலியோரம் நின்று கைதட்டியவன்.

படுக்கையில் கிடந்தபடி புதுச் சொக்கப்சோபர்களை அவன்தான் தொலைபேசியில் தேடிப் பிடித்தான்.

"இஞ்சை பாரும். இது ரெண்டுக்கும் ஓடுமாம். குமிழை ஒரு பக்கம் திருப்பினா ரோட்டுக்கு மெத்து. மற்றப் பக்கம் திருப்பினா றேசுக்கு இறுக்கம். உமக்கும் எனக்கும் சண்டையே வராது."

"எங்களுக்குள்ளை எப்ப சண்டை வந்தது?"

"அதுதானே பிழை. இடைக்கிடை பிடிச்சிருந்தா எனக்கும் பொழுது போயிருக்கும்."

திராமன் நகரில் கராஜ் வைத்திருந்த அவள் தம்பி றொபின் சாதாரணமானது ஒன்றையும் டெனிஸ் கேட்டதையும் வாங்குப் பலகைக்கு மேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தான்.

"அக்கா, அத்தானை ஏத்தி இறக்கத்தானே. சாதாரணத்தைப் போடுவம். மற்றதைக் கடைசி மட்டும் இளக்கினாலும் உன்ரை பழசைவிட இறுக்கம்தான்."

"குமிழ் இருக்கெல்லே?"

"குமிழ் சொக்கைத்தான் இளக்கும். ஸ்பிரிங் இளகாது. ரெண்டுக்கும் ஒரே ஸ்பிரிங், அதுவும் றேசுக்கெண்டு செஞ்சது. மேட்டிலை ஏறினா நேரா முதுகிலைதான் குத்தும்."

"அத்தான் இதைத்தான் கேட்டவர்."

"அத்தானுக்கு உது தெரியாது. நீ சொல்லு."

"சொல்லுறன்."

"நீயாவது சொல்லுறதாவது," என்று சிரித்தவன், அவள் முகத்தைப் பார்த்துவிட்டுச் ஸ்பானரை எடுத்துக்கொண்டு காருக்கு அடியில் போனான்.

அவள் சொல்லவில்லை. நோயாளி ஆசைப்பட்டுத் தேடியதை வேண்டாமென்று எப்படிச் சொல்வது என்று திரும்பி வரும் வழியெல்லாம் தனக்கே விளக்கிக்கொண்டு வந்தாள். நல்ல விளக்கம். யார் கேட்டாலும் ஒத்துக்கொள்வார்கள். ஆனால் அந்த விளக்கத்துக்குக் கீழே, தொட்டால் சுடுகிற மாதிரி, இன்னொன்று கிடந்தது. டெனிஸ் போன பிறகும் இந்தக் கார் இருக்கும். அவள் அந்தப் பிறகான காலத்துக்குத்தான் ஸ்பிரிங்கை வாங்கியிருந்தாள்.

சிகிச்சை நாட்களில் காலையில் காரின் முன், பின் மூடிகளைத் திறந்து குமிழ்களைக் கடைசி மட்டும் இளக்குவாள். கனடாவிலிருந்து வரும் விருந்தாளிக்குப் படுக்கை விரிப்பதுபோல அவ்வளவு அக்கறையாகச் செய்வாள். வீதியின் வேகத்தடை மேடுகளில் டெனிஸ் கதவுக்கு மேலிருந்த பிடியைப் பற்றிக்கொள்வான்.

"எப்பிடி?"

"நல்லாயிருக்கு. பழசைவிட நல்லம்."

அவள் நம்பினாள். நம்புவது வசதியாக இருந்தது.

மே மாதத்தில் திடல் திறந்தது. "போயிட்டு வாரும், நான் நித்திரைதானே கொள்ளப்போறன்," என்று அவன்தான் அனுப்பினான். குமிழ்களை இறுக்கிக்கொண்டு ஓடினாள். கார் நிலத்தைப் பிடித்த பிடியில், அவள் நினைக்கும் முன்னரே வளைவு முடிந்திருந்தது. அன்று முழுக்க ஒருதரம்கூட டெனிசை நினைக்கவில்லை என்பது வீட்டு வாசலில் சப்பாத்தைக் கழற்றும்போதுதான் உறைத்தது.

மறுநாள் காலையில் குமிழ்களை இளக்க மறந்துபோனாள். இரண்டாவது மேட்டில் ஸ்டியரிங் கையில் உதறியபோது தெரிந்தது. பின்னால் பேருந்து, ஓரங்கட்ட இடமில்லை. ஆஸ்பத்திரித் தரிப்பிடத்தில் நிறுத்தியதும் அவன் பக்கம் திரும்பினாள்.

"நேற்று இறுக்கினது, அப்பிடியே கிடந்திட்டுது. திருப்ப மறந்துபோனன். சரியா நொந்ததே?"

டெனிஸ் யோசித்தான். "அப்பிடியே? எனக்கு வித்தியாசம் தெரியேல்லையே. எல்லா நாளும் இப்பிடித்தானே."

அவள் எஞ்சினை அணைத்தாள்.

"நான் எலும்புதான் எண்டு நினைச்சன்," என்றான் அவன். "வரவர மோசம், இந்தக் கதிர்க் கரண்டு ஒண்டும் செய்யேல்லை எண்டு டொக்டரிட்டைச் சொல்லிப்போட்டன். அவவும் ஸ்கான் படம் பாத்திட்டு, இண்டைக்குக் கதைச்சு நிப்பாட்டுவம் எண்டவ."

"எலும்பு மட்டும் இல்லை. ஸ்பிரிங். இளக்கினாலும் இறுக்கம்தானாம். றொபின் சொன்னவன்."

"எப்ப?"

"போட முதல்."

அவன் கண்ணாடிக்கு வெளியே பார்த்தான். யாரோ ஒரு பெண் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போனாள். ஏசுவான் என்று இமெல்டா காத்திருந்தாள். ஏசினால் தாங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. அவன் இருக்கைப் பட்டியைக் கழற்றினான். "வாரும், நேரமாகுது."

உள்ளே அவள்தான் முந்திக்கொண்டு கதைத்தாள். காரைப் பற்றி, மேடுகளைப் பற்றி, நோவைப் பார்த்துச் சிகிச்சையை நிறுத்தக்கூடாது என்பதைப் பற்றி, தடுமாறிய நோர்வேஜிய மொழியில் மூச்சுவிடாமல் சொன்னாள். டொக்டர் பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டுத் திரையை அவர்கள் பக்கம் திருப்பினார். நோய் பரவிய புதிய இடங்கள் இருந்தன. நோவுக்குக் கார் ஒரு காரணமாக இருக்கலாம், எவ்வளவு என்று யாராலும் சொல்ல முடியாது, ஆனால் படம் படம்தான் என்றார். இனிச் சிகிச்சை இல்லை. நோவுக்கு மட்டும் மருந்து.

எவ்வளவு எலும்பு, எவ்வளவு ஸ்பிரிங்? வாழ்க்கை முழுக்க இதைப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருக்கப்போகிறோம் என்று அவளுக்கு அங்கேயே தெரிந்துவிட்டது. பிரிக்க வராது என்பதும் தெரிந்தது.

வாசலில் டெனிஸ் நின்றான்.

"நோயாளியளுக்கு டக்சி குடுப்பினமாம். நான் அதிலை வாறன்."

"கோவமே?"

"இல்லை. நோகுது."

பிறகு, ஏதோ மறந்துபோனதைக் கேட்பதுபோல, "நேற்று எப்பிடி ஓடிச்சுது?" என்றான்.

நல்லாய் ஓடவில்லை என்று சொல்லியிருக்கலாம். "நல்லா ஓடிச்சுது," என்றாள். அவன் தலையாட்டினான். சாரதி வந்து, அவன் கையைப் பிடித்து மெல்ல இருத்தினான்.

இமெல்டா டக்சிக்குப் பின்னால் போனாள். முன்னால் அந்தப் பெரிய வாகனம் மேடுகளில் தோணிபோல ஏறி இறங்கியது. அவளுடையது ஒவ்வொன்றிலும் குத்தியது. குத்தட்டும் என்று வேகத்தைக் குறைக்காமல் ஏறினாள். முதுகில் நன்றாகவே வாங்கிக்கொண்டாள். ஆனால் அது ஒரு நோவு இல்லாத முதுகு. அதனால் எதையும் அறிய முடியவில்லை.

புருசெத்துக்குத் திரும்பும் சுற்றுவட்டத்தில் டக்சி ஒரு பக்கம் சரிந்து போனது. பின்னால் அவள் கார் துளியும் சரியாமல், கோடு கீறியதுபோல வளைந்தது. என்ன பிடி என்று கை ரசித்தது. அவளால் அதைத் தடுக்க முடியவில்லை.