நூதனசாலைக்கு ஒரு வீடு

தன் வீடு பழம்பொருள் காட்டும் நூதனசாலையாகப் போகிற செய்தியை, வாசற்சுவரில் பலகை அடித்துக்கொண்டிருந்த தச்சன் சொல்லித்தான் சுஹறா அறிந்தாள். பலகையில் ‘பண்பாட்டு இல்லம், அன்பளிப்பு: ஹமீட் ஹாஜியார்’ என்று எழுதியிருந்தது.

ஹமீட் அவள் புருஷன். ஊர் மேம்பாட்டுக் குழுவின் தலைவர் வேறு. அறுகம்குடாவுக்குப் போகிற வெள்ளைக்காரர்கள் வழியில் இந்தக் கல்முனையில் பெற்றோல் அடித்துவிட்டுப் பறந்துவிடுகிறார்கள், அவர்களை இறக்கிப் பார்க்க வைக்க ஏதாவது வேண்டும் என்று இரண்டு வருடமாக மேடையில் தொண்டை கிழியக் கத்தி வந்தார். கடைசியில் கண்ணில் பட்டது, சுஹறாவுக்கு அவள் உம்மா சீதனமாகக் கொடுத்த இந்த ஓட்டு வீடு. அடுத்த பெருநாள் கழிய, மகள் பஸ்னாவின் நிக்காஹோடு அவளுக்குப் போகவேண்டிய வீடு அது. ஒரு வார்த்தை கேட்போம் என்று மனுசனுக்குத் தோன்றவேயில்லை.

“பஸ்னாட வீட்ட ஆரக் கேட்டுக் குடுத்தீங்க?”

“ஊருக்காகத்தானே புள்ள. அவளுக்கு மறுகா ஒண்டு கட்டுவம். நாளைக்குக் கொழும்பால பெரிய ஆக்கள் வாறாங்க, மூஞ்சத் தூக்கிக்கிட்டு நிக்காத.”

சுஹறா குசினிக்குள் போய் அடுப்பில் சட்டியை நங்கென்று வைத்தாள்.

மறுநாள் காலை இரண்டு வேன் நிறைய ஆட்கள் வந்திறங்கினார்கள். நடு மண்டபத்தில் மாட்டியிருந்த விளக்க அட்டை ஒன்றை ஹமீட் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வாசித்தார்.

“நம்மட கரையோர முஸ்லிம்கள்ட தனிச்சிறப்பு. வீடு பொண்ணுக்குத்தான் சொந்தம். ஆம்புளதான் கல்யாணம் முடிச்சுப் பொண்ணு வீட்டுக்கு வாறது.”

கொழும்பிலிருந்து வந்த அதிகாரி அம்மா மலர்ந்துபோனாள். “எவ்வளவு அபூர்வம்! இதைப் பார்க்கவே டூரிஸ்ட் வருவாங்க. அப்ப, இந்த வீடு யாருடையது?”

ஹமீட் செருமினார். பதில் குசினிக் கதவடியிலிருந்து வந்தது.

“என்ட வீடு. இவர் முப்பது வருசத்துக்கு முன்ன பாலமுனையால ஒரு சூட்கேசோட வந்தவர். உங்களுக்குப் பழைய சாமான் வேணுமெண்டா இவரக் கொண்டு போங்க. என்ட வீட்ட உட்டுட்டுப் போங்க.”

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். ஹமீடின் முகம் கறுத்துவிட்டது. விருந்தாளிகள் தேத்தண்ணீர்கூடக் குடிக்காமல் வேனில் ஏறினார்கள். சுஹறா தச்சன் விட்டுப்போன சுத்தியலை எடுத்துப் பலகையைக் கழற்றி, அவர் காலடியில் போட்டாள்.

“இந்த மானங்கெட்ட வீட்டுல இனி நான் இரிக்க மாட்டன்! என்ட வீட்டுக்குப் போறன்!” என்று கத்தினார் ஹமீட்.

“ஓம், போங்க.”

பாலமுனையில் அவர் பிறந்த வீட்டை அவருடைய உம்மா எப்போதோ தங்கச்சி நஸ்லாவின் பெயருக்கு எழுதிவிட்டார். ஹமீட் உடுப்புப் பையோடு வாசலில் போய் நின்றபோது, நஸ்லா பையைப் பார்த்தாள், அண்ணனின் முகத்தைப் பார்த்தாள்.

“வாங்க காக்கா. எத்தின நாளைக்கு?”